மூன்றாவது மாடியில் குடியிருந்தவர்

செயற்கைப் பல் செய்யும் லேபில் அவருக்கு நடுவர் என்று பேர். அவர் கேட்டு வாங்கிக்கொண்ட பேர் இல்லை. யாராவது புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தாலும் சரி, மழை வருமா என்று ஜன்னலைப் பார்த்தாலும் சரி, அவரிடமிருந்து ஒரு தீர்ப்பு வந்துவிடும் என்பதால் கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்தது. கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. நாளாவட்டத்தில் போனை எடுத்தால் அவரே "நடுவர் பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவார். அது இறுகியதும் மெழுகில் பல் வரிசை கட்டுவார். பீங்கானைச் சூளையில் சுட்டு, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஏற்றாற்போல் மெருகேற்றுவார். மயிரிழை அளவு தேய்க்க வேண்டும், அதற்குமேல் தேய்த்தால் பாழ் என்ற இடம் வந்தால் முதலாளியம்மா அவரைத்தான் கூப்பிடுவார்.

அதே கை, வீட்டுக்கு வந்து கேம் ஆடுகிற கன்ட்ரோலரைப் பிடித்ததும் யாரோ இரவல் கொடுத்த கை மாதிரி ஆகிவிடும்.

பெரிய கம்பெனிகள் போடும் வீடியோ கேம்களை அவர் தொடுவதில்லை. அவற்றில் உயிர் இல்லை என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். அவருடைய பழைய கம்ப்யூட்டர் அவற்றைத் திறந்தாலே மூச்சிரைத்து நின்றுவிடும் என்பது வீட்டுக்குள் சொல்லும் காரணம். யாரிடமும் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு: அவற்றில் வரும் முதல் எதிரியே அவரைக் கொன்றுவிடுவான். கொன்ற கையோடு முகம் தெரியாத பொடியன்கள் எங்கிருந்தோ காதுக்குள் சிரிப்பார்கள்.

அதனால் தனி ஆட்கள் தங்கள் அறையில் உட்கார்ந்து ஒருவராக, இருவராகச் செய்து வெளியிடும் சின்னச் சின்ன கேம்களை அவர் தேடித் தேடி ஆடினார். அந்தப் பிரியம் பொய்யில்லை. ஒரு மனிதன் தன் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு முழு உலகத்தைச் செய்துவிடுகிறான் என்பது அவரை ஒவ்வொரு தடவையும் அசத்தியது. அசந்துபோனவர் சும்மா இருந்திருக்கலாம். இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்து அபிப்பிராயம் எழுதினார்.

நத்தை ஒன்று மதில் ஏறும் கேம் வந்தது. "தேங்கிப்போன வாழ்க்கையை இத்தனை துணிச்சலாகச் சொன்ன விளையாட்டு வேறு இல்லை" என்று எழுதினார். பொத்தானை அழுத்திப் பிடித்தால் நத்தை தாவும் என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு வாரமாக அவர் அதை ஊர்ந்தே ஏற்றிக்கொண்டிருந்தார்.

பாட்டின் தாளத்துக்குத் தகுந்தபடி தட்ட வேண்டிய கேம் ஒன்று. இசையமைத்தவருக்குத் தாள ஞானம் போதாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

காளான்கள் பேசுகிற காட்டில் வழி தேடும் கேம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதில் சாகவே வழியில்லை என்பதால். வசனங்களை வானளாவப் புகழ்ந்தார். கதாநாயகி யார் என்பதைக் கடைசிவரை மறைத்ததுதான் குறை என்றார். அவள் யார், எதற்குக் காட்டுக்கு வந்தாள் என்பதெல்லாம் முதல் திரையிலேயே விலாவாரியாக இருந்தது. அதைப் படிக்காமல் தள்ளிவிட்டுத்தான் அவர் காட்டுக்குள் நுழைந்திருந்தார்.

மழை வருவதற்குள் மொட்டை மாடித் துணிகளை எடுக்கும் கேமைப் பற்றி எழுதியதுதான் வீட்டில் பிரச்சினையானது. அவர் ஆடும்போதெல்லாம் எல்லாத் துணியும் நனைந்தது. பதற்றத்தை விற்றுப் பிழைக்கும் மலிவான முயற்சி என்று காட்டமாக எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, பின்னால் டீ டம்ளரோடு நின்ற மனைவி ஒரு கையாலேயே மொத்தத் துணியையும் எடுத்து முடித்தாள். ஒரு கைக்குட்டைகூட நனையவில்லை. மறுநாள் அவர் அபிப்பிராயத்தில் ஒரு வரி சேர்த்தார்: "குடும்பஸ்தர்களுக்கு இது பிடிக்கலாம்."

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று ஒரு பிரேக்கை மட்டும் காலடியில் வைத்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி சம்பாதிக்கிறவள். அன்றைக்கு அவள் அவரைக் கேலி செய்யவில்லை. டம்ளரைக் கழுவிக்கொண்டே, "என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு வண்டி நின்னு போச்சுன்னா ரோட்டைத்தான் திட்டுவாங்க" என்றாள். வேலையிடத்துச் சங்கதி ஏதோ சொல்கிறாள் என்று நடுவரும் தலையை ஆட்டி வைத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் 'விளக்கணைப்பவன்' என்ற கேம் வந்தது. ஒரு பெரிய கட்டடத்தின் காவல்காரன், வேலை முடிந்து வீட்டுக்குப் போவதற்கு முன்னால் மாடி மாடியாக ஏறி விளக்குகளை அணைக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. நடுவர் மூன்று மாடி ஏறினார். மூன்றாவது மாடியில் கடைசி விளக்கையும் அணைத்தார். இருட்டு. நீளமான நடைபாதை. காவல்காரன் நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். நடுவரும் அவனோடு பல நாள் மாலை நடந்தார்.

பிறகு உட்கார்ந்து வாழ்நாளிலேயே நீளமான அபிப்பிராயத்தை எழுதினார். வீடு திரும்ப முடியாத ஒருவனை இருட்டில் நிறுத்தி, நம்மையும் அவனோடு நிறுத்துகிறது இந்தப் படைப்பு. முடிவு என்று ஒன்று கிடையாது என்பதே இதன் முடிவு. இந்த மூன்றாவது மாடியில் நாம் எல்லோருமே நிற்கிறோம். எழுதியதை அவரே இரண்டு தடவை திரும்பப் படித்தார்.

வழக்கமாக ஆளில்லாமல் கிடக்கும் அவருடைய பக்கத்துக்குத் திடீரென்று கூட்டம் வந்தது. நிறையப் பேர் சிரிக்கும் முகங்களைப் போட்டுவிட்டுப் போனார்கள். மக்கள் நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் அந்த கேமைச் செய்தவர்களிடமிருந்தே ஒரு செய்தி. "உங்களைப் போல விளையாடுகிறவரை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை. அடுத்த கேமை வெளியிடுவதற்குமுன் நீங்கள் நேரில் வந்து ஆடிப் பார்க்க முடியுமா?" அவர்கள் இருந்ததும் அதே ஊர்தான்.

நடுவருக்குத் தலைகால் புரியவில்லை. லேபில் அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை. பிளாஸ்டர் கலக்குகிறவரிடம் 'ஆலோசனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்' என்றார். அது முதலாளியம்மா காதுக்குப் போகும்போது 'வற்புறுத்திக் கூப்பிட்டிருக்கிறார்கள்' என்று வளர்ந்திருந்தது. முதலாளியம்மா சனிக்கிழமை அரை நாள் விடுப்புக் கொடுத்தார். போகிற வழியில் பேச வேண்டிய விஷயங்களை நடுவர் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனார்.

சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. வெயில் விழாமல் ஜன்னலில் போர்வை கட்டியிருந்தது. தரையில் வயர்கள் காலைத் தட்டாமல் இருக்கப் பட்டையான டேப்பால் ஒட்டப்பட்டிருந்தன. சுவர் முழுக்க ஒரு படகின் படங்கள், முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும். அந்த அறையில் இருவர்: படம் வரைகிற அக்கா, புரோகிராம் எழுதுகிற தம்பி. அக்காவுக்கு விரலெல்லாம் மை. தம்பிக்குத் தூக்கமே இல்லாத முகம்.

விதியை அக்கா சொன்னாள். அவர் என்ன கேட்டாலும் அவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். ஆனால் மனதில் தோன்றுவதை எல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆட வேண்டும். கைக்கு மேலே ஒரு கேமரா பொருத்தியிருந்தார்கள். பின்னால் வருகிற தலைமுறைக்கு வேண்டியிருக்கும் என்று நினைத்து நடுவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

புது கேமில் ஒரு படகோட்டிப் பெண். படகு துறையில் நிற்கிறது. அக்கரைக்குப் போக வேண்டும். நடுவர் துடுப்பைப் போட்டார். படகு ஓரடி நகர்ந்து பழைய இடத்துக்கே வந்தது. மறுபடி போட்டார். மறுபடி வந்தது. விதியை மீறாமல் அவர் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். புறப்படுவது என்பதே ஒரு மயக்கம் என்றார். நதி மனிதனை விடுவதில்லை என்றார். கொடுத்த டீயில் ஆடை படிந்தது. அக்கா குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொள்கிறாளே என்று அவருக்கு உற்சாகம் பிறந்தது. படத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லலாமென்று, படகுக்கும் கரைக்கும் நடுவே நெளியும் தண்ணீர்ப் பாம்பு மட்டும் அபாரம் என்றார்.

அக்காவின் பேனா நின்றது.

அந்தச் சமயத்தில் அவருடைய கட்டைவிரல் தவறி வேறொரு பொத்தானில் பட்டது. படகோட்டிப் பெண் குனிந்தாள். பாம்பின் தலையைப் பிடித்து ஒரு முடிச்சை அவிழ்த்தாள். அது கயிறு. படகு ஆற்றில் மிதந்து போயிற்று.

தம்பி சந்தோஷத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "அக்கா, இவரே அவுத்துட்டாரு. இனிமே யாரு வேணா அவுத்துருவாங்க."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நடுவர் கன்ட்ரோலரை மேசைமேல் மெதுவாக வைத்தார். தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்டார். குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

அக்காதான் நாற்காலியைத் திருப்பி அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"சார், அந்தக் கட்டடம் மூணு மாடி இல்ல. அதுக்கு மேல நிறைய இருக்கு. நடைபாதை கடைசியில ஏணி ஒண்ணு இருக்கு."

நடுவர் யோசித்தார். "சுவத்துல கோடு கோடா டிசைன் போட்டிருந்தீங்களே."

"அதுதான் சார் ஏணி."

அக்கா தொடர்ந்தாள். "தப்பு எங்க மேலதான். அந்த ஏணி நிறையப் பேருக்குத் தெரியல. ஆனா அவங்கல்லாம் என்ன பண்ணினாங்கன்னா, மூடிட்டுப் போயிட்டாங்க. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல. நீங்க ஒருத்தர்தான் மூணாவது மாடியிலயே குடியிருந்தீங்க. இருந்து, அங்க என்னென்ன தோணுச்சுன்னு எழுதினீங்க. அதைப் படிச்சுதான் ஏணி கண்ணுல படலைங்கறதே எங்களுக்குத் தெரிஞ்சுது."

அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அவருக்குத்தான் மரியாதையோடு மூக்கறுபட்டது போலிருந்தது. வேலை இருக்கிறது என்று முனகிவிட்டுப் படியிறங்கினார். அரை நாள் விடுப்பில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவர்களை வெளுத்து வாங்கி ஒரு அபிப்பிராயம் மனதில் எழுதினார். வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அதுவும் நத்தை அபிப்பிராயம் மாதிரியே இருப்பது அவருக்கே தெரிந்துவிட்டது. மனைவியிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பாம்பு வரும்வரை அவள் பொறுமையாகத்தான் கேட்டாள். பாம்பு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள், தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அவள் சொன்னது வேறு.

"எந்தத் திருப்பம் மோசம்னு எனக்கு யார் சொல்லித் தர்றாங்கன்னு நினைக்கறீங்க? நல்லா ஓட்டறவங்க அதைக் கவனிக்கவே மாட்டாங்க. புதுசா வர்றவங்க அங்க போய் முழிப்பாங்க பாருங்க, அப்பத்தான் எனக்கே தெரியும்."

"நான் ஆடறது இத்தனை வருஷமா. புதுசா?" என்றார் அவர்.

"உங்களுக்கு எப்பவும் புதுசுதான்" என்றாள். அதில் கிண்டல் எவ்வளவு, பிரியம் எவ்வளவு என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை ஒரு கிளினிக்கிலிருந்து மெழுகுப் பல் செட் ஒன்று திரும்பி வந்தது. நிஜப் பல் செட் செய்வதற்கு முன்னால் மெழுகில் செய்து அனுப்புவார்கள். நோயாளி வாயில் வைத்துக் கடித்துப் பார்த்து, எங்கே இடிக்கிறது, எங்கே உறுத்துகிறது என்று சொல்ல வேண்டும். இடித்த இடத்தில் டாக்டர் நீல மையால் அடையாளம் வைத்திருந்தார். நடுவர் அந்த நீலப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நோயாளிக்குப் பல் செய்யத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவருக்கு ஒரு வாய் இருந்தால் போதும்.

சைக்கிள் கடை மாடியில் தான் யார் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தீர்ப்புச் சொல்ல வந்தவர் இல்லை, வெறும் வாய். வாய் என்று தன்னைப் பலரும் பல தடவை சொல்லியிருக்கிறார்கள் என்பதும் நினைவுக்கு வந்து, தூசி படாமல் கட்டியிருந்த முகமூடிக்குள்ளேயே அவர் சிரித்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர் இருமல் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை கூப்பிடாமலே போய் நின்றார். கதவைத் திறந்த தம்பி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவனுக்கு இடம் கொடுக்காமல் நடுவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கயிறு மாறியிருந்தது, நிறம் வேறாக, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவிழ்த்தார். நடு ஆற்றில் பனிமூட்டம் வந்தது. அங்கே நின்று போனார். நதியைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கிவிட்டு, "இங்க எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். ஒரு கேமின் முன்னால் அந்தச் சொற்களை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா நிமிர்ந்து பார்த்து நன்றி சொன்னாள்.

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள். அவர் மாட்டிக்கொள்ளாத இடமே இல்லை. பனிமூட்டத்தில் வழி கேட்கப் படகில் தொங்கிய மணியை அடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. படகில் ஏற்ற வேண்டிய ஆட்டை மறிக்க நினைத்துத் துடுப்பால் அடித்து ஆற்றில் தள்ளினார். அப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று யாருமே நினைத்திராததால் ஆடு தண்ணீரின் அடியில் நிதானமாக நடந்து போனது. தம்பி தலையில் கை வைத்தான். ஆனால் அன்றைக்கே சரி செய்தான். நடுவர் கை வைத்த இடமெல்லாம் கேம் சீரானது.

அவரும் சும்மா இருக்கவில்லை. அங்கேதான் வினையை விலை கொடுத்து வாங்கினார். பாதி முடிந்த கேமை அவர்களிடம் கேட்டு வாங்கி வந்து வீட்டில் பழகினார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி ஓட்டச் சொல்லித் தருகிற அதே குரலில் சொல்லித் தந்தாள். படகு மூக்கைப் பார்க்காதீர்கள், தூரத்தைப் பாருங்கள். திருப்பத்துக்கு முன்னால் வேகத்தைக் குறையுங்கள், திருப்பத்தில் இல்லை. பொத்தானை நசுக்காதீர்கள், அது ஒன்றும் பல் இல்லை. நடுவரின் கை மெல்ல மெல்ல அவருடைய கையாயிற்று. ஒரு நாள் சாயங்காலம் படகு அக்கரையைத் தொட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கேமை முடித்திருந்தார். மனைவி கை குலுக்கினாள். லைசென்ஸ் வாங்கியவர்களுக்குத்தான் அவள் அப்படிச் செய்வது.

அந்தச் சனிக்கிழமை அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். ஆட்டை நனையாமல் ஏற்றினார், கயிற்றை அவிழ்த்தார், பனிமூட்டத்தில் மணியடித்தார், அக்கரையில் கொண்டுபோய்ப் படகைக் கட்டினார். கைதட்டலுக்காகத் திரும்பிப் பார்த்தார். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் முகமும் தொங்கிப் போயிருந்தது.

"அண்ணா, கெட்டுப் போயிட்டீங்களே" என்றான் தம்பி.

நிஜமான வருத்தத்தோடு சொன்னான். நடுவருக்கும் அது புரிந்தது. ஆட்டத்தில் தேறிய அன்றே அந்த அறையில் தனக்கு வேலையில்லாமல் போய்விட்டது. மீதி டீயைக் குடித்து முடித்தார். பிறகு, தனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றார். ஜென்மத்தில் ஒரு கேம் ஆடியதில்லை. ஆனால் எதைப் பற்றியும் தயங்காமல் பேசுவார்.

முதலாளியம்மாவைச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. தன் அபிப்பிராயம் தேவைப்படுகிறது என்று கேட்டதுமே அவர் கைப்பையை எடுத்துக்கொண்டார். சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடியோடு வந்து உட்கார்ந்து, கன்ட்ரோலரைத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். நடுவருக்குப் பின்வரிசையில் முக்காலி. பேசக்கூடாது என்ற விதி இப்போது அவருக்கு.

முதலாளியம்மா படகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகோட்டிப் பெண்ணைக் கரையோரமாக எதிர்த்திசையில் நடத்திக்கொண்டே போனார். திரையின் ஓரத்தில் ஒரு வீடு. அது வெறும் காட்சிக்காக வரைந்தது. அக்கா ஒரு மதியத்தில் போட்டு மறந்தது. அதன் முன்னால் போய் நின்றவர் நின்றவர்தான். கயிறு, கயிறு என்று நடுவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கால் தானாக ஆடியது. ஒரு தடவை வாயைத் திறந்தும் விட்டார். தம்பி சட்டென்று பிஸ்கட் தட்டை நீட்டினான். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அடங்கினார்.

"படகு கிடக்கட்டும்" என்றார் முதலாளியம்மா. "இந்த வீட்டுல யாரு இருக்காங்க? கதவை ஏன் தட்ட முடியல?"

அக்கா எழுதினாள். ரொம்ப நேரம் எழுதினாள்.

கேம் வெளிவந்தபோது அந்தக் கதவைத் தட்ட முடிந்தது. உள்ளே ஒரு கிழவர் இருந்தார். அக்கரையில் இருக்கும் மகளுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு குடையைத் தந்தார். ஆடியவர்கள் எல்லோரும் அந்தக் குடையைப் பற்றித்தான் பேசினார்கள். பனிமூட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பனிமூட்டத்துக்காகத் தான் உழைத்த உழைப்பு நடுவருக்குத்தான் தெரியும்.

கடைசித் திரையில் நன்றி சொல்லும் இடத்தில் நடுவர், முதலாளியம்மா இருவர் பெயரும் இருந்தன. தன்னை ஆலோசகர் என்று போடலாமே என்று நடுவர் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். அக்கா பிடி கொடுக்கவில்லை. 'பொறுமையாகத் தடுமாறியவர்கள்' என்றுதான் வந்தது. தானே சம்பந்தப்பட்டது என்பதால் அந்த கேமுக்கு அவர் அபிப்பிராயம் எழுதவில்லை. மற்றவற்றுக்கு எழுதுகிறார். எங்கே மாட்டிக்கொண்டார் என்பதை இப்போதெல்லாம் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார். தத்துவம் அதற்குப் பிறகு வருகிறது. அதை முழுக்க விட அவரால் முடியவில்லை.

லேபில்தான் நிலைமை மாறிப்போயிற்று. சூளை சூடாகிற நேரத்தில் முதலாளியம்மா மேசை மேசையாக வந்து, சின்ன கேம்களைப் பற்றித் தன் கருத்தை எல்லோருக்கும் சொல்கிறார். எது சரியில்லை, எதை எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று ஒன்றையும் விடுவதில்லை. எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நடுவர் கடைவாய்ப் பல் ஒன்றை மெருகேற்றிக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மாள் இன்னும் படகிலேயே ஏறவில்லை என்பது அங்கே அவருக்கு மட்டும்தான் தெரியும்.